சூசை சார் இழுத்த மஞ்சள் கோடு

பசை டியூபை முதல்ல கீழ வைங்கப்பா. வச்சிட்டு இப்படி வந்து உக்காருங்க. பழைய வண்டி ஒண்ணு உள்ள நுழைஞ்சா போதும், ஆடற ஸ்க்ரூவைப் பார்த்த உடனே ஆளுக்கொரு டியூபைத் தூக்கிக்கினு ஓடறீங்க. நான் ஒண்ணும் பசைக்கு எதிரி கிடையாது. அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் பின்னாடி ஷெட்டு போட்டு, ஆயுசுல பாதிக்கு மேல பழைய வண்டிங்களோட மாரடிச்சவன் நான். பசை மட்டும் இல்லன்னா அதுல பாதி வண்டி ரோட்டையே பார்த்திருக்காது.

கதவுத் தூணுக்குள்ள, விரல் கூட நுழையாத எடத்துல கம்பெனிக்காரன் ஒரு நட்டை வெல்டுல பத்த வச்சு அனுப்பியிருப்பான். முப்பது நாப்பது வருஷம் கழிச்சு அது விட்டுக்கும். போல்ட்டைத் திருப்பினா நட்டும் கூடவே சுத்தும். தகரத்தை அறுத்தா பெயின்ட் போச்சு, வெல்டு வச்சா உள்ள இருக்கிற துணி எரிஞ்சிடும். அந்த மாதிரி எடத்துல ரெண்டு டியூபைக் கலந்து ஒரு பொட்டு வச்சு நட்டை உக்கார வச்சிட்டு, மறுநாள் வரைக்கும் அந்தப் பக்கமே போகாம இருந்தீங்கன்னா, ஜம்முனு நிக்கும். ஆனா அங்க கதவோட கனத்தைத் தாங்கறது போல்ட்டு. பசை நட்டைச் சுத்தாமப் புடிச்சிக்கினு இருக்குது, அவ்ளோதான் அதோட வேலை. சுமை தூக்கச் சொல்லி அதுகிட்ட கேட்கக் கூடாது.

இந்த வித்தியாசம் தெரியாதவன் பண்ற தப்பை நானே தினம் பார்க்கிறேன், அதைப் பத்திப் பேச எனக்கு இஷ்டம் இல்ல. எல்லாம் தெரிஞ்ச ஒருத்தர் கையில நடந்ததைச் சொல்றேன். கேட்டுட்டு அப்புறம் டியூபை எடுங்க.

ஷெட்டு போடறதுக்கு முன்னாடி நான் ஆவடியில ராணுவ வண்டி செய்யற தொழிற்சாலையில ஃபிட்டரா இருந்தேன். அங்க எங்களுக்கு மேல பரிசோதகரா இருந்தவரு சூசை சார். தூத்துக்குடிப் பக்கத்து ஆளு. தொழிற்சாலை குவார்ட்டர்ஸ்ல எல்லா ஜில்லாப் பேச்சும் கேட்கும், அதுல அவர் பேச்சு மட்டும் தனியாத் தெரியும். நாங்க ஒரு நட்டை முடுக்கி முடிச்சா, அவர் வந்து கையால ஒரு தடவை இழுத்துப் பார்ப்பாரு. திருப்தின்னா ஒரு சின்ன பிரஷ்ஷால, நட்டு மேல ஆரம்பிச்சு பக்கத்து இரும்பு வரைக்கும் மஞ்ச பெயின்ட்டுல ஒரு கோடு இழுப்பாரு. நட்டு ஒரு நூல் நகர்ந்தாலும் கோடு ரெண்டாப் பிரிஞ்சு காட்டிக் குடுத்துடும். கோடு விழுந்த நட்டு மேல வேற ஒருத்தன் ஸ்பேனர் வைக்கக் கூடாது. அவருக்கு மேல இருக்கிற அதிகாரியே வச்சாலும் சண்டைக்குப் போயிடுவாரு. அது எங்க ரத்தத்துல ஊறிப் போன பழக்கம்.

அவர்கிட்ட ஒரு பழைய இங்கிலீஷ் காரு இருந்துச்சு. கறுப்பு, உருண்ட மூக்கு, பின்னாடிக் கதவு திறந்தா சின்ன ஊடு மாதிரி இருக்கும். பூந்தமல்லியில ஒரு வக்கீல் ஊட்டுல கோழி அடைச்சு வச்சிருந்த வண்டி அது. அதை வாங்கி, ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்ததும் குவார்ட்டர்ஸ் வேப்ப மரத்தடியில படுத்துக்கினு, ஒவ்வொரு ஸ்க்ரூவா அவரே உசுரு குடுத்தாரு. வண்டி மூக்கு மேல தண்டு உடைஞ்சு கிடந்த கம்பெனிச் சின்னத்துக்குப் பின்னாடி ஒரு பித்தளை ஆணியை வச்சுப் பசை போட்டு நிமித்தினாரு. டேஷ்போர்டு மரம் விரிஞ்ச எடத்துல ஸ்க்ரூ புடிக்கலைன்னு, ஓட்டையில பசையும் மரத்தூளும் அடைச்சு, காய வச்சு, மறுபடி ஓட்டை போட்டாரு. வாய் பொளந்து பார்த்திருக்கேன். அடியில இருக்கிற பழைய போல்ட்டுங்களையெல்லாம் எடுத்துட்டுப் புது போல்ட்டு போட்டு, அதிர்ச்சியில கழலாம இருக்க மரையில விடற செவப்புப் பசையை ரெண்டு சொட்டு விட்டு முடுக்குவாரு. முடுக்கிட்டு, தொழிற்சாலையில மாதிரியே மஞ்ச கோடு. நாங்க கிண்டல் பண்ணுவோம், சார் ஊட்டுச் சட்டி பானைக்கும் கோடு போட்டிருப்பாருன்னு.

நான் வேலையை விட்டு ஷெட்டு போட்ட பிறகும் அவர் வருவாரு. வண்டியைக் கொண்டாந்து என் கையில குடுக்கிறது அபூர்வம். பேசத்தான் வருவாரு. தொண்ணூறுகளோட ஆரம்பத்துல ஒரு தடவை நிஜமாவே வேலைக்கு விட்டுட்டுப் போனாரு. அவர் சம்சாரம் புஷ்பம்மா பக்கத்துக் கதவுல கைப்பிடி ஸ்க்ரூ தளர்ந்து கிணிகிணின்னு சத்தம். வேளாங்கண்ணிக்கு ஏதோ நேர்ச்சை, வேண்டுதல்னு ரெண்டு பேரும் கிளம்பறாங்க. அவ்ளோ தூரம் இவ காதுகிட்ட சத்தம் கேட்டுக்கிட்டு வந்தா தலைவலி வந்துரும், எனக்கு இந்த வாரம் டூட்டி மாத்தவே முடியலைவே, நீ பாத்து வைன்னு சொல்லிட்டுப் போனாரு.

கைப்பிடி வேலை அரை மணி நேரத்துல முடிஞ்சுது. சத்தம் போயிடுச்சான்னு பார்க்க ஒரு ரவுண்டு எடுத்தேன். எஸ்டேட் ரோட்டுத் திருப்பத்துல ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது ஒரு சின்னத் தயக்கம். நான் திருப்பினதுக்கும் வண்டி திரும்பினதுக்கும் நடுவுல ஒரு மூச்சு இடைவெளி. வேற யாரு வண்டியா இருந்தாலும் பழைய வண்டி அப்படித்தான்னு விட்டிருப்பேன். ஆனா சூசை சார் வண்டியில அப்படி இருக்காதே.

ஷெட்டுக்கு வந்து பானெட்டைத் தூக்கினேன். ஸ்டியரிங் பாக்ஸை சேஸிஸோட புடிச்சிருக்கிறது மூணு போல்ட்டு. மூணுலயும் மஞ்ச கோடு, துளி கூடப் பிரியாம நேரா இருக்குது. அதைப் பார்த்ததும் என் கை தானா பின்னுக்கு வந்துடுச்சு. நம்புங்க, தொழிற்சாலையை விட்டு வந்து அத்தனை வருஷம் ஆகியும் அந்தக் கோட்டுக்கு மேல ஸ்பேனர் வைக்க எனக்கு மனசு வரல. கோடுதான் நேரா இருக்கே, வேற எங்கயாவது தேய்மானமா இருக்கும்னு முன்சக்கரம், கம்பி எல்லாத்தையும் ஆட்டி ஆட்டிப் பார்த்தேன். எல்லாம் சுத்தம். கடைசியில, என்னா ஆனாலும் சரி, திட்டு வாங்கிக்கலாம்னு நடு போல்ட்டு மேல ஸ்பேனரை வச்சேன்.

சும்மா ஒரு அழுத்து. கால் சுத்து கூட இல்ல. போல்ட்டுத் தலை என் கையோட வந்துடுச்சு.

வெளிச்சத்துல கொண்டு போய்ப் பார்த்தேன். உடைஞ்ச முகத்துல முக்கால்வாசி செவப்பா இருந்துச்சு. துரு இல்ல, பசை. விரிசலுக்குள்ள ஓடி ஒறைஞ்சு போன பசை. ஒரு ஓரத்துல மட்டும் பிறை மாதிரி வெள்ளை இரும்பு, இப்ப நான் திருப்பினதுல உடைஞ்சது. அதாவது அந்த போல்ட்டு முடுக்கும்போதே முக்கால்வாசி அறுந்திருக்குது. பசை அப்ப ஈரம். அது விரிசலுக்குள்ள இறங்கி, தலையை அப்படியே புடிச்சு வச்சிருக்குது. தலை நகரல, அதனால கோடும் பிரியல. மிச்ச ரெண்டையும் கழட்டினேன். ஒண்ணு நல்லா இருந்துச்சு. இன்னொண்ணு கழுத்துல இழுபட்டு மெலிஞ்சிருந்துச்சு.

ஒரு போல்ட்டு அறுந்து போகப் போகுதுன்னா அதுக்கு முன்னாடி கைக்குச் சொல்லிடும். இறுகிக்கினே வந்தது திடீர்னு குழையும். புதுசா வந்த உங்களுக்கே அது தெரியும். சூசை சாருக்குத் தெரியலைன்னா, கோளாறு போல்ட்டுல இல்ல. அவருக்கு ரொம்ப வருஷமா சக்கரை வியாதி இருக்குது. அந்த வியாதி முத்தினா கை கால் மரத்துப் போகும்னு கேட்டிருக்கேன். இந்த வண்டியில அந்தம்மாவை உக்கார வச்சு வேளாங்கண்ணி வரைக்கும் ஓட்டப் போறாரு. திரும்பி வந்து திங்கக்கிழமை அதே கையால ராணுவ வண்டிங்களுக்குக் கோடு இழுக்கப் போறாரு.

பக்கத்து ஷெட்டுல டிங்கர் வேலை பாக்கிற முனுசாமி வந்து எட்டிப் பார்த்தான். விஷயத்தைச் சொன்னேன். அவன் கெட்டவன் இல்ல, ரொம்ப நல்ல மனசு. அதனாலதான் அப்படிச் சொன்னான்.

"இன்னா மாமே இதுக்குப் போயி மூஞ்ச தொங்கப் போட்டுகினு கீறே? புது போல்ட்டு போடு. மஞ்ச பெயின்டு என்கிட்ட கீது, மேல ஒரு கோடு இஸ்து வுட்டுடு. பெருசுக்கு இன்னா தெரியப் போவுது? அது மனசு நோவாம போய்ட்டு வரட்டும்."

பெயின்ட் டப்பாவையும் கொண்டாந்து வச்சிட்டான். பொய் சொல்லல, ஆசையாத்தான் இருந்துச்சு. வண்டி பத்திரம், அவர் மரியாதையும் பத்திரம், நமக்கும் சங்கடம் இல்ல. இது மாதிரி நேரத்துல தப்பான வழி எப்பவும் அன்பாத்தான் வந்து நிக்கும், அதை மட்டும் ஞாபகம் வச்சிக்குங்க. நான் அந்தக் கோட்டை இழுத்திருந்தா வண்டி சரியாகியிருக்கும். அவர் கைக்கு நான் பொய் சாட்சி சொன்னவனா ஆகியிருப்பேன். மூணும் புது போல்ட்டு போட்டு முடுக்கினேன். கோடு போடல. டப்பாவைத் திருப்பிக் குடுத்துட்டேன்.

மறுநாள் சாயங்காலம் ரெண்டு பேரும் ஆட்டோவுல வந்து இறங்கினாங்க. புஷ்பம்மா அந்தப் பக்கம் பெஞ்சுல கைப்பையை மடியில வச்சிக்கினு உக்காந்தாங்க. டீ வரவழைச்சேன். அடுப்புல இருந்து எறக்கின கொதி டீ. நானும் முனுசாமியும் கிளாஸோட விளிம்பை ரெண்டு விரலால புடிச்சிக்கினு ஊதறோம். சூசை சார் கிளாஸை உள்ளங்கையால வயித்தோட அணைச்சுப் புடிச்சிக்கினு, வேளாங்கண்ணியில எங்க தங்கறோம்னு நிதானமாச் சொல்லிக்கினு இருக்கிறாரு. நான் அந்தக் கையையே பார்த்தேன். தலையைத் தூக்கினப்ப புஷ்பம்மாவும் அந்தக் கையைத்தான் பார்த்துக்கினு இருந்தாங்க.

டீயை முடிச்சிட்டு, கதவை ரெண்டு தடவை அடிச்சுப் பார்த்து, சத்தம் இல்லைன்னு சந்தோஷப்பட்டாரு. பழக்க தோஷம், அடுத்து பானெட்டைத் தூக்கினாரு. குனிஞ்சவரு அப்படியே நின்னுட்டாரு.

"கோடு எங்கவே?"

நான் பதில் சொல்றதுக்குள்ள அவர் முகம் மாறிடுச்சு. நான் முடுக்கினதுல யாரைக் கேட்டுக் கை வச்சே, அங்க இருந்து வந்ததும் எல்லாம் மறந்து போச்சா, பெரிய முதலாளி ஆயிட்டியோன்னு பொரிஞ்சு தள்ளினாரு. முனுசாமி நைசா நழுவிட்டான். அவர் என்னைத் திட்டினது அதுக்கு முன்னாடியும் உண்டு, ஆனா அன்னிக்குத்தான் எனக்கு அழுகை வந்துச்சு. வாயைத் திறந்தா ஏதாவது சமாதானம் சொல்லிடுவேன்னு பயமா இருந்துச்சு. அதனால, பனியன் துணியில முடிஞ்சு வச்சிருந்த, அந்த உடைஞ்ச போல்ட்டோட துண்டு ரெண்டையும் எடுத்து அவர் கையில வச்சேன்.

அவர் பரிசோதகர். அவருக்கு நான் படிச்சுக் காட்டணுமா? கண்ணாடியை மாட்டிக்கினு வெளிச்சத்துக்குப் போனாரு. துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாரு. செவப்பைப் பார்த்தாரு, ஓரத்துப் பிறையைப் பார்த்தாரு. திட்டறது நின்னு போச்சு.

"பசை ஈரமா இருக்கயிலேயே விட்டிருக்கு" அப்படின்னாரு. வேற எவனோ முடுக்கின போல்ட்டைப் பத்தி அறிக்கை குடுக்கிற மாதிரி சொன்னாரு. அப்புறம், "அப்ப ஸ்பேனரைப் புடிச்சிருந்தது நான்தான். எனக்குத் தெரியலையே ஏகாம்பரம்" அப்படின்னாரு.

கட்டை விரலால உடைஞ்ச முனையைத் தேய்ச்சாரு. சொரசொரன்னு ரம்பம் மாதிரி இருக்கிற முனை. தேய்ச்சிட்டு விரலைப் பார்த்தாரு. ரத்தம் வந்திருந்துச்சு. அது அவருக்குப் பார்த்தப்புறம்தான் தெரிஞ்சுது. என் வாழ்க்கையில நான் பார்த்த கஷ்டமான காட்சிங்கள்ல அது ஒண்ணு. ஒரு மனுஷன் தன் கையை அந்நியன் கையைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கினு நிக்கிறாரு.

பெஞ்சுகிட்டப் போனாரு. நாம வண்டியில போகல புஷ்பம், என் கை சரியில்ல, மரத்துப் போயிருக்குன்னு சொன்னாரு. திங்கக்கிழமை நானே போய் அதிகாரிகிட்டச் சொல்லிடுதேன், இத்தனை மாசமா நான் கோடு போட்டதையெல்லாம் திரும்பப் பார்க்கச் சொல்லுதேன்னு அதே மூச்சுல சொன்னாரு. அந்தம்மா பதறல. அவர் விரலை எடுத்து முந்தானையால துடைச்சாங்க. துடைச்சிட்டுக் கைப்பையைத் திறந்து ஒரு சின்ன பொட்டலத்தைப் பிரிச்சாங்க. உள்ள வெள்ளித் தகட்டுல வெட்டின ஒரு கை இருந்துச்சு. உங்கள்ல தெரியாதவங்களுக்குச் சொல்றேன், வேளாங்கண்ணியில உடம்புல எந்த எடத்துக்காக வேண்டிக்கிறாங்களோ, அந்த உறுப்பைத் தகட்டுல செஞ்சு மாதாவுக்குக் காணிக்கையாப் போடுவாங்க. பூந்தமல்லியில ஒரு ஆசாரிகிட்டச் சொல்லி அந்தம்மா செஞ்சு வாங்கியிருக்கிறாங்க.

"நேர்ச்சையே இதுக்குத்தான்" அப்படின்னாங்க. "போன வருசம் சோறு வடிக்கயில பானையைத் துணியில்லாமப் புடிச்சிய. கை கொப்புளிச்சுப் போச்சு, நீங்க சிரிச்சுப் பேசிக்கிட்டு நிக்கிய. அன்னைக்கே எனக்குத் தெரியும்."

சூசை சார் அந்தத் தகட்டையும் அவங்களையும் மாத்தி மாத்திப் பார்த்தாரு.

"தெரிஞ்சுக்கிட்டே நான் ஓட்டுத வண்டியில எப்படி ஏறுனே புஷ்பம்?"

"பின்ன, ஒங்களத் தனியாவா விடுவேன்?"

நான் மெதுவா வெளிய போயிட்டேன். போய் முனுசாமி ஷெட்டு வாசல்ல நின்னு, ஒரு வேலையும் இல்லாம அவன் தட்டறதையே பார்த்துக்கினு இருந்தேன்.

திங்கக்கிழமை அவர் சொன்னதைச் செஞ்சாரு. தன் கையைப் பத்தித் தானே எழுதிக் குடுத்தாரு. அவர் கோடு போட்டதையெல்லாம் வேற ஆளுங்க மறுபடி முடுக்கிப் பார்த்தப்ப, கூடவே நின்னு பார்த்தாரு. அங்க முறுக்கை அளந்து டக்குனு சத்தம் குடுக்கிற ஸ்பேனர் இருந்ததால ஒண்ணும் மோசம் போகல. ரிட்டையர் ஆகிற வரைக்கும் ஸ்டோர்ல மேஜை வேலை பார்த்தாரு. சில பேரு அவர் முதுகுக்குப் பின்னாடி பேசினாங்க, எனக்கும் காதுல விழுந்துச்சு. பேசினவங்க கையெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது அவ்ளோதான். ஒட்டி வச்ச வேலையைப் பார்க்கும்போது, யாரு செஞ்சதா இருந்தாலும், எந்தக் கோடு போட்டிருந்தாலும், உயிர் தொங்கற எடத்துல ஒரு தடவை ஸ்பேனரை வச்சுப் பாருங்க. தப்பு தெரிஞ்சா மேல பெயின்ட் அடிச்சு மறைக்காதீங்க. செஞ்சவர் கையில கொண்டு போய்க் குடுங்க. எப்படிக் குடுக்கிறதுன்னு எனக்கும் இன்னிக்கு வரைக்கும் சரியாத் தெரியாது. துணியில சுத்திக் குடுத்தேன், அதான் எனக்குத் தெரிஞ்ச மரியாதை.

வேளாங்கண்ணிக்கு அவங்களை நான்தான் ஓட்டிக்கினு போனேன், அந்த வண்டியிலயே. விடிய ஆவடியில கிளம்பினோம். அவர் முன்னாடி உக்காருவாருன்னு கதவைத் திறந்து வச்சேன். வேணாம்னு பின்னாடி போய் புஷ்பம்மா பக்கத்துல உக்காந்தாரு. அவ்ளோ வருஷத்துல அந்த வண்டியில அவர் பின்னாடி உக்காந்தது அதுதான் முதல் தடவையாம். சீட்டு இவ்ளோ நல்லா இருக்குமான்னு கேட்டாரு. அந்தம்மா சிரிச்சாங்க.

திண்டிவனம் தாண்டி ரெண்டு பேரும் பேச்சை நிறுத்திட்டாங்க. தூங்கிட்டாங்களான்னு கண்ணாடியில பார்த்தேன். தூங்கல. புஷ்பம்மா அவர் கையை எடுத்துத் தன் மடியில வச்சுப் புடிச்சிக்கினு, வெளிய வயலைப் பார்த்துக்கினு வந்தாங்க. அவர் வெளிய பார்க்கல. கொஞ்சத்துக்கு ஒரு தரம் குனிஞ்சு மடியைப் பார்த்தாரு. புடிச்சிருக்கிறாங்களா விட்டுட்டாங்களான்னு பார்த்தாத்தானே அவருக்குத் தெரியும். பாண்டிச்சேரி வர்ற வரைக்கும் அப்படியே பார்த்துக்கினு வந்தாரு. அந்தம்மா விடவே இல்ல.